புதைக்க வேண்டிய புத்தகங்கள்

போன மாதம், நான் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த நூலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அங்கே இப்போது பழைய பதிவேடுகளை விளக்கின் கீழ் விரித்துப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். மாலையில் அவளே நம் தமிழ்ச் சங்க மலருக்கும் கட்டுரை திரட்டுகிறாள்.

"அங்கிள், உங்களப் பத்தி சூப்பரா ஒரு என்ட்ரி கெடச்சிருக்கு! பச்சை இங்க்ல. நீங்க அதப் பத்தி எழுதியே ஆகணும்."

பச்சை மை என்றதும் எந்த வரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாசித்துக் காட்டினாள். கழித்துவிட்ட ஒரு யூதப் புத்தகத்தில் இருந்த குடும்பக் குறிப்புத் தாளைக் கண்டெடுத்து, நூலக உதவியாளர் செல்லையா உரியவரிடம் சேர்ப்பித்தார் என்று இருக்கிறதாம். என் புகைப்படத்தோடு, 'நேர்மைக்கு ஒரு நூலகர்' என்று தலைப்புப் போடப்போகிறார்களாம்.

"தமிழ்லயே எழுதுங்க அங்கிள். எனக்குப் படிக்க வராது. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்."

எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பதிவேட்டில் இருக்கும் அந்த வரி பொய். எழுதியவர் உண்மை என்று நம்பித்தான் எழுதினார். அவரை நம்ப வைத்தவன் நான்.

என் படிப்பு, பயிற்சி எல்லாம் மூன்று வரிக்குள் அடங்கும். பம்பாய்த் தாராவியில் தோல் பட்டறைத் தொழிலாளியின் மகன். தெருவிளக்கில் படிக்கவில்லை, வீட்டிலேயே விளக்கு இருந்தது. பி.ஏ. முடித்து, மாலை வகுப்பில் நூலகச் சான்றிதழ் வாங்கி, அறுபதுகளின் தொடக்கத்தில் மாட்டுங்காவில் ஓர் அறக்கட்டளை நூலகத்தில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தேன். எங்கே குடியிருக்கிறாய் என்று யாராவது கேட்டால் 'சயான்' என்பேன். தாராவிக்கும் சயானுக்கும் நடுவே ஒரு சாலைதான். வாயால் அதை ஒரு நாளைக்கு நாலு தடவை கடந்தேன். பேச்சையும் மாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுத் திருநெல்வேலிப் பேச்சைக் காலையில் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, பத்திரிகையில் தலையங்கம் எழுதுகிறவன் போலப் பேசிக்கொண்டு ஆபீசுக்குப் போவேன்.

நூலகர் பரமேஸ்வரன் சார் பாலக்காட்டுக்காரர். மாட்டுங்காவில் மூன்றாம் தலைமுறை. காலையில் வந்ததும் செய்தித்தாளில் இரங்கல் விளம்பரங்களைப் படிப்பார். உறுப்பினர் யாராவது செத்திருந்தால் அட்டையை எடுத்துப் பார்ப்பார். புத்தகம் பாக்கி இருந்தால் குடும்பத்துக்கு ஓர் அனுதாபக் கடிதம் போகும். முதல் ஐந்து வரியில் துக்கம். ஆறாவது வரியில் புத்தகத்தின் பெயரும் எண்ணும். அந்தக் கடிதத்துக்கு எந்தக் குடும்பமும் புத்தகத்தைத் திருப்பித் தராமல் இருந்ததில்லை.

பச்சை மை அவருக்கு மட்டும். எந்தப் புகார் வந்தாலும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, இஸ்திரி போட்ட கைக்குட்டையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "ரிக்கார்ட் என்ன சொல்றது?" கூரை ஒழுகுகிறது என்று பியூன் சொன்னபோதும் அதைத்தான் கேட்டார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அதிகம் சிரித்தவன் நான். அவரைப்போலக் கண்ணாடி துடைத்துக் காட்டுவதில் எனக்கு நல்ல பெயர்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு நாள் முற்பகலில், நாலு தகரப் பெட்டிகளோடு ஒரு கிழவர் வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் சின்னக் குல்லா, கையில் ஒரு டிபன் டப்பா. ரயில்வே பட்டறையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் மோசஸ். பின்னால் கொங்கணக் கடற்கரை ஊர் ஒன்றின் பெயரோடு 'கர்' சேர்த்த நீளமான குடும்பப் பெயர். எப்போதோ கப்பல் உடைந்து கரையேறிய ஏழு ஆணும் ஏழு பெண்ணும்தான் தங்கள் முன்னோர் என்று சொல்லும் யூதர்கள் அவர்கள். பல தலைமுறை அந்தக் கரையில் செக்காட்டி, ஓய்வுநாளான சனிக்கிழமை மட்டும் மாட்டை அவிழ்த்துவிட்டவர்கள். வீட்டில் மராத்திதான் பேசுவார்கள். ஆனால் இவர் கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏலே தம்பி, பெட்டிய எங்கன எறக்க?"

வாசக சாலையே நிமிர்ந்து பார்த்தது. முப்பது வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்த கூட்டம் முழுக்கத் தாராவித் திருநெல்வேலிக்காரர்கள். அவர்களிடம் கற்ற தமிழ்.

"தாங்கள் முதலில் நன்கொடைப் படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "அரே! நீ நம்ம தின்னவேலிப் பயல்லா! மொகத்துலயே எழுதியிருக்கே. தாராவியில எந்தச் சந்துலே?"

"சயான்" என்றேன்.

"சயானா? சரி, சரி. சயான்லயும் நல்ல ஆளுங்க இருக்காங்க" என்று கண்ணைச் சிமிட்டினார். பியூன் இருமுவதுபோலச் சிரித்தான். அந்தச் சிமிட்டலை நான் மன்னிக்கவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் அலுவலகக் காரணங்கள் பல உண்டு. ஆனால் வேர் அந்தச் சிமிட்டலில் இருக்கிறது.

அவர்கள் தெருவில் ஒரு சின்னப் படிப்பகம் இருந்ததாம். குடும்பங்கள் ஒவ்வொன்றாக இஸ்ரேலுக்குக் கிளம்பிவிட்டதால் மூடுகிறார்கள். மூன்று பெட்டிகளில் நல்ல புத்தகங்கள்: யூத மரபு பற்றி, பழைய சமய வரலாறு பற்றி ஆங்கிலத்தில், தங்கள் வேதக் கதைகளைப் பாட்டாகக் கட்டிக் கீர்த்தனம் செய்ய மராத்தியில். நான்காம் பெட்டியில் கிழிந்த எபிரேயப் பிரார்த்தனைப் புத்தகங்கள்.

"இது ஒங்க ஷெல்புக்கு இல்லலே. சாமி பேரு இருக்க பொஸ்தகம். கிழிஞ்சு போனா எரிக்கப்படாது, எடைக்குப் போடப்படாது. மனுசனப் புதைக்க மாதிரி கபர்ஸ்தான்லதான் புதைக்கணும். மழை முடிஞ்சதும் எங்க ஆளுங்க குழி வெட்டுவாங்க, அப்ப வந்து எடுத்துக்கிடுதோம். அதுவரைக்கும் ஒரு மூலையில வச்சிரு."

பரமேஸ்வரன் சார் கண்ணாடியைத் துடைத்தார். "இது லைப்ரரியா, ஸ்மசானமா?" என்றார் என்னிடம். பிறகு, "சரி, ஏத்துண்டாச்சு. பத்திரமா வை. மறக்காமே ரிக்கார்ட் பண்ணு."

பதிவு செய்யவில்லை. எங்கள் பதிவேட்டில் 'புதைப்பதற்காக வைத்திருப்பவை' என்று ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை நான் எழுதுவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

மற்ற மூன்று பெட்டிகளை வகைப்படுத்தும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொன்றிலும் இருபது பக்கமாவது படித்துவிட்டு 296 என்று எண் போட வேண்டும். யூத சமயத்துக்கு அதுதான் எண். ஆர்வமாகவே படித்தேன். அந்தப் பண்டிதர்கள் எதற்கெடுத்தாலும் சண்டை போட்டார்கள். எட்டு நாள் விளக்குத் திருவிழாவில் முதல் நாள் ஏற்றுவது எட்டு விளக்கா ஒன்றா என்றுகூட இரண்டு கட்சி. தோற்ற கட்சி சொன்னதையும் மரியாதையாக எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்பில் ஜெயித்தவர் சொன்னதே பாதிதான் இருக்கும். நான் சிரித்துக்கொண்டே படித்தேன். படித்தவனுக்கு வரும் வியாதி எனக்கு நன்றாகவே வந்திருந்தது: ஒரு வழக்கத்தைப் பற்றி நாலு பக்கம் படித்துவிட்டால், அதைக் கடைப்பிடிக்கிறவனைவிட நான் உயரமாகிவிட்டதாக ஓர் எண்ணம். புத்தகத்துக்கு ஈமச்சடங்கு என்று பியூன்களிடம் நடித்துக் காட்டினேன். கீழே விழுந்த புத்தகத்தை மோசஸ் போர்மேன் எடுத்து முத்தமிட்டதையும் நடித்தேன். நல்ல கைதட்டல்.

மழைக்காலம் முடிவதற்குள் அறங்காவலர்கள் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. அவர்கள் வந்து போனதும் என் வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு. கழிவுப் புத்தகங்களை ஒழிக்கும் பொறுப்பு எனக்கு. முறை இதுதான்: புத்தகத்தின் முதல் தாளைக் கிழித்து எடுக்க வேண்டும்; அதில் ஊதா நிறத்தில் 'நீக்கப்பட்டது' என்ற முத்திரை; பின் குத்திக் கழிவுக் கோப்பில் சேர்க்க வேண்டும். புத்தகம் கோணிக்குப் போகும். கோணியைப் பழைய காகிதம் வாங்கும் ரத்திக்காரர் எடைபோட்டுத் தூக்கிப் போவார்.

என் மேசைக்கடியில் காலை இடித்துக்கொண்டிருந்த நான்காம் பெட்டியைப் பார்த்தேன். மறந்துபோய்ச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. யாருடையது, என்ன சொல்லிக் கொடுத்தார், எல்லாம் ஞாபகம் இருந்தது. கிழிந்த காகிதம்தானே என்று நினைத்தேன். அறிவியல் மனப்பான்மை என்றும் நினைத்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து முதல் தாளைக் கிழித்தேன், முத்திரை குத்தினேன், கோணியில் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து மாஹிம் ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை வாங்கினேன். பொட்டலத்தில் சதுரச் சதுரமாக எபிரேய எழுத்து. கடலை நன்றாக வறுபட்டிருந்தது. முழுவதும் தின்றுவிட்டுத்தான் காகிதத்தைப் பார்த்தேன்.

மழை விட்டதும் மோசஸ் போர்மேன் வந்தார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. அவர் மகள் ரிபேகா நர்ஸ். ஒரு வருடம் முன்பே இஸ்ரேல் போய்விட்டவள். அங்கே பாக்தாத் வழி வந்த யூதக் குடும்பத்துப் பையனோடு கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அந்த ஊர் மதகுருமார், பம்பாய் யூதர்கள் உண்மையிலேயே யூதர்கள்தானா என்று கேள்வி எழுப்பிவிட்டார்கள். பெண்ணின் தாய், தாயின் தாய், அவள் தாய் என்று கேட்டார்களாம். ஆதாரம் காட்டாமல் கல்யாணத்தைப் பதிய மாட்டார்களாம்.

"எம் பொண்டாட்டி வீட்டுப் பொஸ்தகம் ஒண்ணு உண்டும்லே. அவ ஆத்தா, அவ ஆத்தாவுக்கு ஆத்தா, எல்லாரு கல்யாணமும் அதுல எழுதியிருக்கும். அவ போயி மூணு வருசமாச்சு. அட்ட கிழிஞ்சிருந்திச்சுன்னு நாந்தான் அந்த நாலாம் பெட்டியில போட்டுட்டேன். மூளையில்லாத பய நான். அதக் கொண்டாலே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எடைக்குப் போட்டுவிட்டேன், வாருங்கள், ரத்திக்காரர் கிடங்கில் தேடுவோம் என்று. கிடங்கு தாராவியில், எங்கள் வீட்டுக்கு நாலு சந்து தள்ளி.

"ரிக்கார்டைப் பார்க்கிறேன்" என்றேன்.

பதிவேட்டைப் புரட்டினேன். நிதானமாகப் புரட்டினேன். "மூன்று பெட்டிகள்தான் பதிவாகியிருக்கின்றன."

"நாலுலே. நீதான எறக்குன."

"பதிவேட்டில் மூன்றுதான்."

அவர் குழம்பிப் போனார். கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. பதிவேடு என்ற தடித்த புத்தகத்தின் மேல் அவருக்கு மரியாதை. "எனக்கு வயசாயிட்டு. அப்ப அந்தப் பெட்டி கபர்ஸ்தானுக்குப் போன வண்டியில போயிட்டோ என்னவோ. எழுதியாவது குடு தம்பி, அவங்ககிட்ட காட்டணும்."

நூலகத்தின் தாளில் எழுதிக் கொடுத்தேன்: தாங்கள் குறிப்பிடும் பெட்டி எங்கள் பதிவுகளின்படி பெறப்படவில்லை. என் ஆங்கிலம் அப்போது மிகவும் நன்றாக இருக்கும்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். வேட்டைக்குப் போய்வந்தவர்போல இருந்தார். அந்தக் கடிதத்தைக் காட்டி, கல்லறைத் தோட்டத்தில் அந்த வருடம் புத்தகம் புதைத்த குழியைத் திறக்க அனுமதி வாங்கியிருக்கிறார். இரண்டு நாள் குழிக்குள்ளே உட்கார்ந்து, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். நகத்துக்குள் இன்னும் மண் இருந்தது.

"இல்லலே" என்றார். "சாமிய எழுப்பிவிட்டதுதான் மிச்சம்."

அன்று அவர் போன பிறகு கழிவுக் கோப்பை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. குற்ற உணர்வுதான் என்று சொன்னால் என்னை உயர்த்திக்கொண்டதாகிவிடும். நடுவில் ஒரு தாள் தட்டுப்பட்டது. அச்சு இல்லை, கையெழுத்து. எபிரேயமும் இல்லை, மராத்தி. நான்கு பெண்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, நான்கு வேறு கையெழுத்தில், நான்கு வேறு மையில். ஒவ்வொருத்தியின் தகப்பன், தாய், கல்யாணம் நடந்த ஊர், நடத்தி வைத்தவர். கடைசி வரி: ரிபேகா பிறந்தாள். பெயர்களுக்கு மேலே என் ஊதா முத்திரை, கொஞ்சம் சாய்வாக.

எபிரேயப் புத்தகம் வலமிருந்து இடமாகப் போகும். நமக்கு முன் அட்டை என்பது அவர்களுக்குப் பின் அட்டை. 296இல் அத்தனை படித்த நான், எல்லாப் புத்தகத்தையும் நம் பக்கத்திலிருந்தே திறந்து, கடைசித் தாளை முதல் தாள் என்று கிழித்திருக்கிறேன். குடும்பங்கள் பெயர் எழுதி வைப்பது அந்தக் கடைசித் தாளில்தான். சரியாகத் தெரிந்து செய்திருந்தால் இதுவும் கடலைப் பொட்டலமாகியிருக்கும். என் அறியாமை காப்பாற்றிக் கொடுத்ததை என் அறிவு என்ன செய்தது என்று பாருங்கள்.

தாளை எடுத்துக்கொண்டு பரமேஸ்வரன் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் உண்மை பேசியது அந்த ஒரு தடவைதான். அதையும் அவர் மூடி மறைக்க வழி சொல்வார் என்ற நம்பிக்கையில் பேசினேன். 'ரிக்கார்ட் என்ன சொல்றது' என்பார், 'பெறப்படவில்லை என்று சொல்கிறது சார்' என்பேன், முடிந்தது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. தாளை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னிக்கே கொண்டுபோய்க் குடுத்துடு" என்றார்.

"சார், நான் எழுதிக் கொடுத்த கடிதம்..."

"நீ எழுதினது தப்பு. ரிக்கார்டை நான் திருத்தறேன். டிரஸ்டிகள் கேட்டா என் மேற்பார்வையிலே நடந்ததுன்னு எழுதிக்கறேன். ஒரு பொண்ணோட கல்யாணம்டா. போ."

அத்தனை நாள் நான் நடித்துக் காட்டிய மனிதர் இவர்.

போனேன். மாஹிமில் ஒற்றை அறை வீடுகள் அடுக்கிய ஒரு சாலில் இரண்டாவது மாடி. அறை முழுக்க ஆட்கள், கட்டிய மூட்டைகள். மறுநாள் அவர் மகளிடம் இஸ்ரேலுக்குக் கிளம்புகிறார் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பயணத்துக்கு முன் அவர்கள் செய்யும் பூசை. தட்டில் வெல்லமும் தேங்காயும் சேர்த்த அவல், சுற்றிப் பழங்கள். மோசஸ் போர்மேன் என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரிடமும் மராத்தியில் சொன்னார்: நம் பெட்டிக்காக எவ்வளவு சிரமப்பட்டுத் தேடிக் கடிதம் எழுதிக் கொடுத்த பிள்ளை இது; வழியனுப்பவும் வந்திருக்கிறது பார். பெண்கள் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். ஒருவர் நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார்.

"தின்னுலே, அவல் தின்னு. வெறுங்கையோட போகப்படாது."

தாள் என் சட்டைப்பையில், உறையில் இருந்தது. எடுத்துக் கொடுக்க ஒரு நொடி போதும். ஆனால் எடுத்தால் அந்த அறையில் அத்தனை பேர் முன்னால் நான் யார் என்பது தெரிந்துபோகும். இன்னும் கொஞ்சம் ஆட்கள் போகட்டும் என்று காத்தேன். ஆட்கள் போகவில்லை, வந்துகொண்டே இருந்தார்கள். அவலைத் தின்று முடித்தேன். இரண்டாம் தடவை வைத்தார்கள், அதையும் தின்றேன். பிறகு அவரிடம் விடைபெற்றுக்கொண்டு படி இறங்கினேன்.

மறுநாள் பரமேஸ்வரன் சார் கேட்டார்: "குடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன் சார்."

"என்ன சொன்னார்?"

"ரொம்ப சந்தோஷப்பட்டார்."

அவர் பேனாவைத் திறந்து பச்சை மையில் அந்த வரியை எழுதினார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். நான் அவரிடம் வேலை பார்த்த காலத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். அடுத்த வாரம் என் வேலை நிரந்தரமானது. இன்றுவரை அந்த நூலகத்தின் பதிவேட்டின்படி நான் யோக்கியன். இப்போது கணினியின்படியும்.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகுதான், இனிக் கேட்பதற்கு யாரும் இல்லை என்று ஆனதும், தாளை ரிபேகாவுக்கு அனுப்பினேன். ஊரை விட்டுப் போனால் தொடர்புக்கு என்று நன்கொடைப் படிவத்தில் அவர் அவளுடைய முகவரியை எழுதியிருந்தார். அது இருப்பது அத்தனை வருடமும் எனக்குத் தெரியும். கூடவே நடந்ததை எழுதினேன், முடிந்தவரை என்னைக் காப்பாற்றிக்கொண்டு.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. ஆங்கிலத்தில், நர்ஸ்கள் எழுதும் தெளிவான கையெழுத்தில். பையன் வீட்டார் எட்டு மாதம் காத்திருந்தார்களாம், பிறகு காத்திருக்கவில்லை. பம்பாயிலிருந்து போன யூதர்கள் தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகு மதகுருமார் அந்தக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவள் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு மகன் இருக்கிறான். தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். இப்போது அதை யாரும் கேட்பதில்லை. அப்பா போன வருடம் இறந்துவிட்டார். மனைவியின் புத்தகத்தைக் கிழிசல்களோடு தூக்கிப் போட்டது தன் குற்றம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். 'நூலகத்துப் பையன் பாவம், எவ்வளவு தேடினான்' என்றும் சொல்வாராம். முடிவில் எழுதியிருந்தாள்: 'என் பங்குக்கு நான் உங்களை மன்னிக்கிறேன். அப்பாவின் பங்கு என் கையில் இல்லை.'

அவள் கணக்கு சரி. 296இல் நானே எண் போட்டு அடுக்கிய ஒரு புத்தகத்தில் அது இருக்கிறது. கடவுளுக்குச் செய்த குற்றத்தை உபவாசம் இருந்து தீர்த்துக்கொள்ளலாம். மனிதனுக்குச் செய்ததை அவனிடமே போய்க் கேட்டால்தான் தீரும். கடவுள்கூட நடுவில் வர மாட்டார். அவன் செத்திருந்தால், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு அவன் கல்லறைக்குப் போய், செய்ததை அவர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

அந்த ஊருக்குப் போக எனக்கு முழங்காலும் இல்லை, கூட வரப் பத்துப் பேரும் இல்லை. இந்த மலரை எத்தனை பேர் படிப்பார்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "பத்துப் பேராவது கண்டிப்பா படிப்பாங்க அங்கிள்" என்றாள். மிகைப்படுத்தும் பழக்கம் இல்லாத பெண். அது போதும்.

சொல்கிறேன். மோசஸ் என்ற மனிதருக்கு நான் தீங்கு செய்தேன். புதைக்கச் சொல்லிக் கொடுத்ததை எடைக்குப் போட்டேன். வாங்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்து அவரைக் குழிக்குள் இறக்கினேன். அவர் தேடியது என் சட்டைப்பையில் இருக்கும்போதே அவர் வீட்டில் இரண்டு தடவை அவல் வாங்கித் தின்றுவிட்டு வந்தேன்.

இதைக் கேட்ட பிறகு அந்தப் பத்துப் பேரும் ஒரு பதில் சொல்ல வேண்டும் என்றும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அது என்ன பதில் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் வயதானவன் ஆயிற்றே என்று மரியாதைக்காகச் சொல்லிவிடுவீர்கள்.